உங்கள் முகம் தவறு

காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஒரு பேக்கரியின் பக்கச்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, இடது கன்னத்தை மட்டும் உப்பவைத்து, கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்யும். பல்வலியோ என்று நினைக்கலாம். இந்த வயதில் செல்ஃபி மோகமா என்று முகம் சுளிக்கலாம். கிட்டே போய்ப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். அவளுக்குப் பின்னால் அறுபது பேர் வரிசையில் நிற்பார்கள். அதில் ஒருவர் வண்டியே இல்லாமல் ஹெல்மெட் மட்டும் மாட்டியிருப்பார். இன்னொருத்தி ஒற்றைக் கண்ணை இறுக மூடியிருப்பாள். யாருக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாலையைத் தாண்டினால் அவர்கள் வேலை செய்யும் சலவைக்கூடம். நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள், போர்வைகள், நோயாளிகளின் அங்கிகள் எல்லாம் தினமும் அழுக்காக அங்கே வந்து வெளுப்பாகத் திரும்பிப் போகும். கன்னத்தை உப்பவைத்த அந்தப் பெண்ணுக்கு அங்கே மடிப்பக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

விரிப்பு மடிப்பதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள், பத்து விரிப்பை மடித்து அடுக்கிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு முனையையும் பிடித்து ஓர் உதறு உதற வேண்டும். பிறகு பாதி, அதில் பாதி, மறுபடி மூன்றாக. மடிப்பு வாய் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் வார்டில் நர்ஸ் அவசரத்தில் ஒன்றை உருவும்போது ஒன்று மட்டும் வரும், அடுக்கு சரியாது. மடிப்பக்காவுக்கு விரிப்பைத் தொட்டாலே போதும், அது எத்தனை சலவை கண்டது, எந்த இடத்தில் நைந்திருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். நைந்ததைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். எதிர்முனையில் பதினோரு வருடமாக நிற்பவள் ரேடியோ. அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஒருத்தி பேசிக்கொண்டே மடிப்பாள், ஒருத்தி கேட்டுக்கொண்டே மடிப்பாள், மதியத்துக்குள் எண்ணூறு விரிப்பு முடிந்திருக்கும்.

அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். வேலை பிடிக்கும் என்று சொல்ல வெட்கப்படாத சிலரில் அவள் ஒருத்தி. சுடச்சுட வரும் துணியின் வாசனை பிடிக்கும், அடுக்கி முடித்த வெள்ளைக் குவியலைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஒரு தட்டுத் தட்டி அனுப்புவது பிடிக்கும். வீட்டில் இரண்டு அறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். பள்ளி வேன் ஓட்டும் கணவர் நாலு மணிக்கு வீடு வந்து டீ போட்டு வைத்திருப்பார். டீயில் சர்க்கரை எப்போதும் ஒரு கரண்டி அதிகம். முப்பது வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது அதுதான் டீயின் ருசி என்று அவளே ஏற்றுக்கொண்டுவிட்டாள். "எனக்கென்ன குறை" என்று அவள் சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வதல்ல.

அப்படிப்பட்டவளுக்கு இந்த எட்டு மாதமாக ஒரே ஒரு குறை. அது கைபேசிக்குள் இருந்தது.

கம்பெனி ஒரு ஆப் கொண்டுவந்தது. கையெழுத்துப் புத்தகம் இனி கிடையாது, ஆறு மணிக்குள் ஆளாளுக்குத் தங்கள் கைபேசியில் முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகிவிடும் என்றார்கள். முகங்களைச் சேர்க்க ஓர் ஆள் வந்தான். அறுபத்து மூன்று பேர், ஒன்றரை மணி நேரம், "அடுத்தவங்க, அடுத்தவங்க" என்று ஆட்டு மந்தையை எண்ணுவதுபோல எண்ணித் தள்ளினான். மடிப்பக்கா முந்தின நாள்தான் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தாள். இடது கன்னம் வீங்கித் தொங்கியது.

"தம்பி, கன்னம் வீங்கிக் கெடக்கு. நாலு நாள் கழிச்சு எடுத்துக்கலாமா?"

"ஆப் ரொம்ப புத்திசாலி அக்கா. நீங்க எப்படி இருந்தாலும் கண்டுபிடிச்சிடும். அடுத்தவங்க!"

நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. ஆப் அவளைப் பார்த்து, சிவப்பு எழுத்தில், "உங்கள் முகம் தவறு. வேறு முகத்தை முயற்சிக்கவும்" என்றது. ஐம்பத்திரண்டு வருடம் வைத்துப் புழங்கிய முகம். வேறு முகத்துக்கு அவள் எங்கே போவாள்?

அந்த ஆப்பை எழுதியவர்கள் தமிழைத் தூரத்தில் வைத்துப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். திறந்ததும் "வணக்கம், பயனர் பெயர்!" என்று எல்லாரையும் ஒரே பெயரில் வரவேற்கும். வெளியேற வேண்டுமா என்று கேட்டுவிட்டு "ஆம்", "ஆமாம்" என்று இரண்டு பொத்தான் காட்டும். எதை அழுத்தினாலும் வெளியேறாது. எதுவும் நடக்காதபோது "வெற்றிகரமாகத் தோல்வி அடைந்தது" என்று பெருமையாக அறிவிக்கும். புகார் சொல்ல ஓர் இடம் இருந்தது. அதைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். காலையில் தொட்டுவிட்டுப் போய் எண்ணூறு விரிப்பை மடித்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பாய்லர் பார்ப்பவர் அதற்குச் செக்கு என்று பெயர் வைத்தார்.

ஆப்புக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். எந்த முகத்தைக் காட்டினாலும் குறை சொல்வதால் மாமியார். மடிப்பக்காவுக்கு அதில் மட்டும் உடன்பாடில்லை.

"என் மாமியார் தங்கமான மனுஷி. ஒரு நாள் என்னை முகம் சுளிச்சுப் பாத்ததில்ல. அவங்களப் போய் இதோட சேக்காதீங்க" என்பாள். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவளே காலையில், "மாமியார் எழுந்துட்டாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

மாமியாரின் மனம் எதில் இளகும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி சாலைக்கு இந்தப் பக்கம் இருக்க, ஆப்பின் வரைபடத்தில் அது எதிரே பேக்கரிச் சுவருக்குள் இருந்தது, அங்கே நின்று முகம் காட்டினால்தான் ஆப் ஏற்கும். வாசல் காவலர் இரண்டாம் நாளே அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றிலிருந்து எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். பாய்லர்காரர் பதிவு நாளில் ஹெல்மெட்டைக் கழற்ற நேரம் கிடைக்காமல் அப்படியே படம் எடுக்கப்பட்டவர். ஆகவே தினமும் ஹெல்மெட். கறை நீக்கும் பிரிவில் ஒருத்தி, படம் எடுத்த நொடியில் கண்ணில் சோப்புத் தூள் விழுந்து ஒரு கண்ணை மூடிவிட்டாள். ஆகவே அவள் தினமும் ஒற்றைக் கண். பேக்கரிக்காரருக்குக் காலை வியாபாரம் இரட்டிப்பானதில் கொள்ளை சந்தோஷம்.

"உங்க மாமியார் நூறு வயசு இருக்கணும்" என்று வாழ்த்துவார்.

மடிப்பக்காவின் வழி திறந்ததும் அவரால்தான். பதினோரு நாள் அவள் நேரத்துக்கு வந்தும் மாமியார் "வரவில்லை" என்றே எழுதிவிட்டாள். பன்னிரண்டாம் நாள் எரிச்சலில் ஒரு சூடான பன்னை வாங்கிக் கடித்து, வாய் நிறைய அடக்கிக்கொண்டு கைபேசியைத் தூக்கினாள். பச்சை விளக்கு! "வணக்கம், பயனர் பெயர்! வருகை ஆகிவிட்டது." அவள் மென்றதை விழுங்கவும் மறந்து நின்றாள். மறுநாள் முதல் பன் இல்லாமலே, காற்றை அடக்கி, இடது கன்னத்தைப் பல் பிடுங்கிய அளவுக்குக் கணக்காக உப்பவைக்கப் பழகிக்கொண்டாள். கண்ணாடி முன்னால் பயிற்சி செய்ததைப் பார்த்துவிட்டுக் கணவர் இரண்டு நாள் சிரித்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான், மகள் விஷயம் மட்டும் இல்லாவிட்டால்.

கர்ப்பிணியான மகள் ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்துத்தான் கரைக்கு வருவான். முதல் தடவை மூன்றாம் மாதத்தில் கரு தங்காமல் போனது. அன்று செய்தி வந்ததும் மடிப்பக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, மகள் மருத்துவமனைக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். "ஏம்மா இவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி தாயின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. இந்தத் தடவை மகள் நாள் சொன்னதுமே அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஒரு வாரம் முன்னாடியே வந்துடுவேன். பிரசவ அறை வாசல்ல இல்லடி, உள்ளயே இருப்பேன்."

மூன்று வாரம் சேர்ந்தாற்போல் லீவு வேண்டுமென்றால் ஆப்பில் வருகை தொண்ணூற்றைந்து சதவீதம் இருக்க வேண்டும். அந்தப் பதினோரு நாளை நீக்கச் சொல்லிச் சூப்பர்வைசரிடம் நாலு முறை போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். எதைக் கேட்டாலும் இரண்டு கையையும் விரித்து, "சிஸ்டம்ல என்ன இருக்கோ அதான்" என்பார். அதனால் அவருக்கும் சிஸ்டம் சார் என்று பெயர் வந்துவிட்டது.

"நான் வந்தத நீங்களே பாத்தீங்களே சார். உங்களுக்கு வணக்கம் சொன்னேனே."

"பாத்தேன்தான். ஆனா நான் பாத்தது சிஸ்டம்ல இல்லையேம்மா."

கணவர் கணக்கில் புலி. நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் கூட்டிக் கழித்தார். இருநூற்று இருபதாவது வேலை நாள் ஒரு வியாழக்கிழமை. அதுவரை இன்னொரு நாள் கூடத் தவறாமல் இருந்தால் சரியாகத் தொண்ணூற்றைந்து. வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தைப் பிடிக்கலாம். மகளுக்கு டாக்டர் சொன்ன நாள் அதற்கு அடுத்த வெள்ளி. அன்றிலிருந்து மடிப்பக்கா காய்ச்சலிலும் போனாள், மழையிலும் போனாள். அண்ணன் வீட்டு விசேஷத்துக்குக் கூட வேலை முடிந்த பிறகே போய் மீந்ததைச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். இருநூற்றுப் பதினேழு நாள் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஆப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. நிறம் மாறி, எழுத்து மாறி, ஒரு பூ வேறு முளைத்திருந்தது. "இன்னும் சிறப்பாகிவிட்டோம்!" என்றது. மடிப்பக்கா வழக்கம்போலக் கன்னத்தை உப்பவைத்தாள்.

"முகம் அதிகமாக உள்ளது" என்றது ஆப்.

கொஞ்சம் காற்றை இறக்கினாள். முகம் அதிகம். இன்னும் இறக்கினாள். முகம் அதிகம். முழுக்க இறக்கித் தன் சொந்த முகத்தைக் காட்டினாள். உங்கள் முகம் தவறு. பேக்கரிக்காரர் ஓடி வந்து ஒரு பன்னைக் கையில் திணித்தார். பன்னின் பாச்சாவும் பலிக்கவில்லை. ஹெல்மெட்காரர் ஒரு பக்கம், ஒற்றைக்கண்காரி ஒரு பக்கம், ஆளாளுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி ஆயிற்று.

அன்றைக்கு வரவில்லை என்று விழுந்தது. புதன்கிழமையும் அதே கதை. புதன் காலையில் அவள் கைபேசியிடம் என்னென்ன பேசினாள் என்பதை இங்கே எழுத முடியாது. ரேடியோவே வாயடைத்துப்போய், "அக்கா, உனக்கு இதெல்லாம் கூட வருமா?" என்று கேட்டாள்.

மதியம் சூப்பர்வைசர் அறைக்குப் போய் நின்றாள். லீவு விண்ணப்பத்தை ஆப்பில் போட்டுப் பார்த்திருந்தாள், அது வெற்றிகரமாகத் தோல்வி அடைந்திருந்தது.

"தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கேம்மா. பாதிப் பேருக்கு இப்படித்தான் ஆயிருக்கு. சரி பண்ணிடுவாங்க, ஆனா முப்பது நாள் ஆகும்னு போட்டிருக்கு."

"என் பொண்ணு முப்பது நாள் தாங்குவாளா சார்?"

அவர் கையை விரிக்கக் கூட இல்லை. லீவு இல்லாமல் மூன்று வாரம் போனால் வேலை போய்விடும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும், அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மடிப்பக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். அழுவாள் என்று கணவரே எதிர்பார்க்கவில்லை.

"வேலைய விட்டுடேன். நான் இருக்கேன்ல" என்றார்.

"நீங்க இருக்கீங்க. எனக்கு அந்த வேலை வேணுங்க. எனக்குப் புடிச்ச வேலை. யாரோ எங்கயோ அரைகுறையா ஒண்ணப் பண்ணி வெச்சதுக்கு நான் எதுக்கு விடணும்?"

"அப்ப போகாம இருப்பியா?"

"போகாம இருப்பேனா? என்ன பேச்சு பேசுறீங்க!"

இரண்டு வரியில் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். இத்தனை வருடம் வேலை கொடுத்ததற்கு நன்றி என்று மூன்றாவதாக ஒரு வரியும் சேர்த்தாள், அது உண்மைதானே. காகிதத்தைப் பாதி, அதில் பாதி, பிறகு மூன்றாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வியாழன் வேலை முடிந்ததும் கொடுத்துவிடுவது, வெள்ளி பேருந்து ஏறுவது. முடிவு எடுத்த பிறகு ஆறின டீயை எடுத்துக் குடித்தாள். சர்க்கரை அதிகம் என்று சொல்லக்கூடத் தோன்றவில்லை.

தலைமை அலுவலகத்தில் அதே நேரத்தில் வேறொரு குழப்பம். அறுபத்து மூன்று பேரில் நாற்பத்தோரு பேர் இரண்டு நாளாக வரவில்லை என்கிறது ஆப். ஆனால் நான்கு மருத்துவமனைக்கும் விரிப்பு ஒன்று குறையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேய் வந்தா துவைக்கிறது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆப்பைச் செய்தவர்களுக்கு ஃபோன் போனது. வியாழன் காலை ஐந்தரைக்கே, தோளில் கணினிப் பையோடு, தூக்கம் கலையாத ஒரு பெண் பொறியாளர் வந்து இறங்கினாள். மடிப்பக்காவின் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

வாசலில் ஒருவரையும் காணாமல் அவள் திகைத்தாள். காவலர் எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். சாலையைத் தாண்டி வந்தவள் பேக்கரிச் சுவரோரம் கண்ட காட்சியை ஒரு நிமிடம் அசையாமல் பார்த்தாள். ஹெல்மெட்டை ஒரு விரல் ஏற்றி ஒரு விரல் இறக்கி ஒருவர். வலது கண்ணா இடது கண்ணா என்று மாற்றி மாற்றி மூடும் ஒருத்தி. வரிசையின் முதலில் கன்னத்தை உப்பவைத்த ஒரு பெண்.

"அம்மா, ஏன் கன்னத்த அப்படி வெச்சிருக்கீங்க?"

மடிப்பக்காவுக்கு மூக்கு மேல் வந்தது கோபம். காற்றை விட்டுவிட்டு, "பல்லு புடுங்கின மறுநாள் என்னப் படம் எடுத்தாங்க. இந்த ஆப்புக்கு அந்தக் கன்னம்தான் வேணுமாம். எட்டு மாசமா கொடுத்துட்டுத்தான் இருந்தேன். இப்ப அதுவும் அதிகமா இருக்குங்குது. நீங்க யாரு?" என்று கேட்டாள்.

பொறியாளருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஹெல்மெட்காரரும் சிரித்தார், வரிசையே சிரித்தது. அப்புறம் அவள் முகம் மெல்ல மாறியது.

"நான்தாம்மா இத எழுதினவங்கள்ல ஒருத்தி. படத்தையோ முகமூடியையோ காட்டி யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு இந்தத் தடவை கட்டுப்பாட்ட கூட்டினோம். நீங்க கன்னத்த உப்ப வெச்சது அதுக்கு முகமூடி மாதிரி தெரிஞ்சிருக்கு. எட்டு மாசத்துல ஒரு புகார் கூட வரல. எல்லாம் நல்லா போகுதுன்னு பார்ட்டி கூட வெச்சோம்."

"புகார் பண்ற எடத்துல செக்கு சுத்துதும்மா" என்றார் பாய்லர்காரர். காட்டினார். சுற்றியது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நின்று கொண்டே இருந்தாள். அது நிற்கவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

ரேடியோ சும்மா இருப்பாளா? பொறியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் கதை, பதினோரு நாள் கதை, இரண்டு நாள் கதை, கைப்பையில் இருக்கும் கடிதம் வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கடிதம் பற்றி மடிப்பக்கா அவளிடம் சொல்லவே இல்லை. பை திறந்திருந்தபோது பார்த்திருக்கிறாள்.

சூப்பர்வைசர் அறையில் பொறியாளர் கணினியைத் திறந்தாள். மடிப்பக்கா கதவோரம் நின்றாள். பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. முப்பது நாள் இருபது நாளாகலாம், அதற்குள் பேரப்பிள்ளை பிறந்திருக்கும்.

"ஆப் ஒத்துக்காத ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தையும் நேரத்தையும் நாங்க சேத்து வெப்போம். தப்பு எங்கன்னு பாத்து திருத்துறதுக்கு" என்றாள் பொறியாளர். கொஞ்சம் குரல் தாழ்த்தி, "ஆனா யாரும் தெறந்து பாக்கல" என்றாள்.

திரையில் படங்கள் இறங்க ஆரம்பித்தன. எல்லாம் மடிப்பக்கா. வீக்கம் பாதி வடிந்த மடிப்பக்கா, நேரம் ஐந்து ஐம்பத்தொன்று. குழப்பமாக முறைக்கும் மடிப்பக்கா, ஐந்து நாற்பத்தெட்டு. மழையில் நனைந்த தலையோடு, காய்ச்சலில் சிவந்த கண்ணோடு, தூக்கத்தோடு, திட்டிக்கொண்டு, கெஞ்சிக்கொண்டு. ஒன்றில் வாய் நிறையப் பன். வரவில்லை என்று விழுந்த பதினோரு நாளும் அங்கே இருந்தன. செவ்வாயும் புதனும் இருந்தன, இரண்டு நாளிலும் நாற்பது நாற்பது படம். எதிலும் மணி ஆறைத் தாண்டவில்லை.

சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். மடிப்பக்கா மெதுவாகக் கேட்டாள்.

"சார், சிஸ்டம்ல என்ன இருக்கோ அதான?"

அவர் அசடு வழிய நிமிர்ந்தார். பிறகு, அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை பார்த்திராத வகையில், கலகலவென்று சிரித்தார். "அதான்மா, அதேதான்" என்றார். அவரே தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு, எழுந்து நின்று பேசினார். குரல் நடுங்கினாலும் பேச வேண்டியதை முழுதும் பேசினார். ஏழரை மணிக்குள் வருகை நூறு சதவீதமாயிற்று. வெள்ளி முதல் மூன்று வாரம் லீவு பதிவாயிற்று. மடிப்பக்காவின் வயிற்றில் பாலை வார்த்தார்கள்.

பொறியாளர் அன்று முழுவதும் அங்கேயே இருந்து ஒவ்வொருவராக உட்காரவைத்துப் புதிதாகப் படம் எடுத்தாள். யாரையும் அவசரப்படுத்தவில்லை. மடிப்பக்காவின் முறை வந்தபோது அவளுக்குத் தன் முகத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கன்னம் தானாக உப்பியது.

"சும்மா இருங்கம்மா, சும்மா" என்றாள் பொறியாளர்.

"சும்மா இருந்து பழக்கமில்ல" என்றாள் மடிப்பக்கா. சிரித்தபடி இருந்த அந்தப் படமே பதிவாயிற்று. கடிதத்தைக் கிழித்துக் கழிவுப் பஞ்சுக் கூடையில் போட்டுவிட்டு, பிந்திப்போன இரண்டு மணி நேர மடிப்பை ரேடியோவோடு சேர்ந்து மதியத்துக்குள் ஈடுகட்டினாள்.

வெள்ளி காலைப் பேருந்தில் ஏறினாள். மகள் வீட்டுக்குப் போனதும் போகாததுமாகக் குழந்தைக்கான துணிகளை எல்லாம் எடுத்துத் திரும்ப மடித்து அடுக்கினாள். மகள் சோபாவில் வயிற்றைத் தாங்கிச் சாய்ந்துகொண்டு, "அம்மா, அது நாலு விரல் சட்டைம்மா, அதுக்கு எதுக்கும்மா இத்தன மடிப்பு?" என்று கேலி செய்தாள். ரேடியோ தினமும் கூப்பிட்டாள். எதிர்முனைக்கு ஆள் இல்லாததால் சிஸ்டம் சாரே வந்து நிற்கிறாராம். பொட்டலம் கட்டுவதுபோல மடிக்கிறாராம். ஆப் இப்போது எல்லாரையும் ஒரே நொடியில் உள்ளே விடுகிறதாம், காலையில் பேசுவதற்கே நேரமில்லையாம். பேக்கரிக்காரர்தான் சோகமாக இருக்கிறாராம்.

டாக்டர் சொன்ன நாளுக்கு மூன்று நாள் முன்னதாக, செவ்வாய் காலை பத்து மணிக்கு வலி கண்டது. மருத்துவமனையில் மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி மடிப்பக்காவை ஒரு மேசையில் நிறுத்திவிட்டார்கள். போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் பிரசவ அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து மகள் "அம்மா" என்று கத்துவது கேட்டது. கதவைத் தட்டினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. வயதான நர்ஸ் ஒருத்தி, முகக்கவசத்துக்கு மேல் கண்ணை மட்டும் காட்டி எட்டிப் பார்த்தாள்.

"உள்ள கூட இருக்கறதுக்கு ஒருத்தருக்குத்தான் அனுமதி. யாரு நீங்க?"

மடிப்பக்கா பதறிப்போய்க் கைப்பையைத் துழாவினாள். அடையாள அட்டை எங்கோ அடியில் கிடந்தது. கைபேசியை எடுத்தாள், எதைத் திறந்து எதைக் காட்டுவது என்று தெரியாமல் திரையைத் தடவினாள்.

நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பி, உள்ளே கட்டிலில் கிடந்தவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதெல்லாம் உள்ள வைங்கம்மா. மூஞ்சியப் பாத்தா தெரியலையா? அம்மா வந்தாச்சு, பாப்பா, இனிமே கத்தாத" என்று சொல்லிக் கதவை முழுதாகத் திறந்துவிட்டாள்.

மகள் கையை நீட்டினாள். மடிப்பக்கா போய்ப் பிடித்துக்கொண்டாள்.